பழைய கண்ணாடி, புதிய உலை

1820களில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் கல்லூரி, தன் தேவாலயத்து வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைப் பழுதுபார்க்கச் சொல்லி ஷ்ரூஸ்பரி நகரின் பெட்டன் அண்ட் எவன்ஸ் பட்டறையிடம் ஒப்படைத்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆக்ஸ்போர்டு தாமஸ் என்ற கண்ணாடிக்காரர் தீட்டிய சன்னல்கள் அவை. பட்டறைக்காரர்கள் பழுதுபார்க்கவில்லை. கோட்டுக்குக் கோடு பார்த்து எழுதி, புதுக் கண்ணாடியில் அச்சு அசலாக ஒரு தொகுதி செய்து கொண்டுவந்து மாட்டினார்கள். பழையதைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அது பல கை மாறிச் சிதறியது. ஒரு பகுதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வரை போனது. நூறு வருடத்துக்கும் மேல் கழித்துச் சில பகுதிகள் கல்லூரிக்கே திரும்பின.

இன்றைய கண்ணுக்கு இது பகற்கொள்ளை. ஆனால் அந்த நகலைக் குறைசொல்ல வேறொரு காரணமும் உண்டு. உருவங்கள் சரி, ஆடை மடிப்புகள் சரி, எழுத்துகள் சரி. ஆனால் 1820களில் கிடைத்த கண்ணாடி சீரானது, சுத்தமானது. வெளிச்சத்தை எந்தத் தடையும் சொல்லாமல் உள்ளே விட்டுவிடும். இடைக்காலக் கண்ணாடி ஒரே துண்டுக்குள் தடித்தும் மெலிந்தும் இருக்கும்; குமிழியும் வரியும் ஓடியிருக்கும். வெளிச்சம் அதற்குள் தட்டுத்தடுமாறித்தான் வரும். படத்தை நகலெடுத்தவர்களுக்கு அந்தப் பொருள் வசப்படவில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த தேடல் முழுவதும் அந்தப் பொருளைத் தேடியதுதான். தேடல் வென்றது. வென்றதாலேயே அதன் கண் ஓரளவு மங்கியும் போனது என்பது என் எண்ணம்.

இந்தக் கலை இடையில் அடியோடு செத்துப்போயிருந்தது என்று சொல்வது மிகை. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் அது வேறொன்றாகிவிட்டது. வெள்ளைக் கண்ணாடித் தகட்டின் மேல் எனாமல் வண்ணங்களைப் பூசிச் சுட்டு, திரைச்சீலையில் எழுதுவதுபோல எழுதினார்கள். துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டை, படத்தின் கோடாக இருந்த தகுதியை இழந்து, சதுரச் சட்டமாகச் சுருங்கியது. பிரான்சின் செவ்ர் பீங்கான் தொழிற்கூடமும், பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் 1827இல் மியூனிக்கில் தொடங்கிய அரச கண்ணாடி ஓவியக்கூடமும் இந்த முறையை உச்சிக்குக் கொண்டுபோயின. கொலோன் பேராலயத்துக்கு லுட்விக் கொடையளித்த சன்னல்களைப் பார்த்தால் அவர்களின் கைத்திறனை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் அவை வெளிச்சத்தில் தொங்கவிட்ட எண்ணெய் ஓவியங்கள்.

இடைக்காலத்தவர் வழி நேரெதிர். வண்ணம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உலையில் உருகும்போதே உலோகம் சேர்த்து வந்த நிறம் அது. ஓவியர் கையில் இருப்பது பழுப்பும் கறுப்புமான ஒரே ஒரு மை. அந்த மையால் அவர் நிறத்தைக் கூட்டுவதில்லை. வருகிற வெளிச்சத்தில் எவ்வளவை எங்கே தடுப்பது என்று தீர்மானிக்கிறார். முகத்தின் கண்ணிமையும் மூக்குத்தண்டும் தடுக்கப்பட்ட வெளிச்சம்.

இதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்ல ஒரு நூல் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெயோபிலஸ் என்ற புனைபெயரில் ஜெர்மானியத் துறவி ஒருவர் லத்தீனில் எழுதிய கைத்தொழில் நூல். மூன்று பகுதிகளில் இரண்டாவது முழுக்கக் கண்ணாடி. பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்று தொடங்குகிறது. பிறகு சுண்ணம் பூசிய மரப்பலகையில் சன்னலின் படத்தை முழு அளவில் வரைந்துகொள்ளச் சொல்கிறது. கண்ணாடியை அந்தப் பலகைமேல் வைத்துக் கோட்டை எடுத்து, காய்ச்சிய இரும்பால் விரிசல் விடவைத்துப் பிளந்து, ஓரங்களைக் கொக்கி போன்ற இரும்பால் கொறித்துக் கொறித்து வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். மை செய்ய, எரித்த செம்புப் பொடியோடு பச்சைக் கண்ணாடித் தூளும் நீலக் கண்ணாடித் தூளும் சேர்த்து, ஒயினிலோ சிறுநீரிலோ குழைத்து அரைக்க வேண்டும். அந்த ஒரே மையை மூன்று அடர்த்தியில் பூசினால் மூன்று மைகள் பூசியதுபோலத் தெரியும் என்கிறார். எழுத்து வேண்டிய இடத்தில் மையை முழுக்க அப்பி, தூரிகையின் காம்பால் கீறி எழுத்தை வெளிச்சமாக எடுக்கச் சொல்கிறார். பட்டறையில் நின்று பழகியவரால்தான் இப்படி எழுத முடியும்.

19ஆம் நூற்றாண்டு ஆர்வலர்களுக்கு இந்நூல் வேதமானது. 1843இல் பிரெஞ்சிலும் 1847இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஆனால் நூலை அப்படியே கையில் வைத்துக்கொண்டு உலை முன் நின்றவர்களுக்குக் கிடைத்தது, மாமியார் வாய்மொழியாகச் சொன்ன குழம்புப் பக்குவத்தை எழுதிக்கொண்டுபோய் வேறு ஊர்த் தண்ணீரில் வைத்துப் பார்க்கிற மருமகளின் அனுபவம். பீச் சாம்பல் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மரம் நின்ற மண்ணுக்கும், அடிமரமா, பட்டையா, சுள்ளியா என்பதற்கும் ஏற்ப அதிலுள்ள பொட்டாசியமும் சுண்ணாம்பும் மாங்கனீசும் மாறும். உலையில் காற்றோட்டம் மாறினாலும் நிறம் மாறும். மஞ்சளாக மாறத் தொடங்கிய பானையைக் கூடுதல் நேரம் காய்ச்சினால் செம்மஞ்சளாகும், சதை நிறத்துக்கு மாறிய பானையைக் கூடுதல் நேரம் காய்ச்சினால் ஊதாவாகும் என்று தெயோபிலஸே சொல்கிறார். அதாவது அந்தக் காலத்துக் கண்ணாடிக்காரர் நிறத்தை வரவழைத்ததில் பாதி கணக்கு, பாதி காத்திருப்பு. இன்னொரு குறையும் உண்டு. செம்பாலும் ஈயத்தாலும் வரும் நிறங்கள், பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி என்று பொருளடக்கத்தில் தலைப்புகள் இருக்கின்றன. அந்த அத்தியாயங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. எந்த நிறங்களுக்காக உலகம் பிரான்சின் சார்த்ர் பேராலயத்தைப் பார்க்கப் போகிறதோ, அவற்றைப் பற்றிய பக்கங்கள்தான் இல்லை.

இந்த இடைவெளியை ரசாயனத்தால் நிரப்பப் பார்த்தவர் சார்ல்ஸ் வின்ஸ்டன். தொழிலால் வழக்கறிஞர், ஆசையால் கண்ணாடி ஆராய்ச்சியாளர். 1847இல் அவர் வெளியிட்ட நூல், பழைய கண்ணாடி ஓவியங்களைக் காலவாரியாகப் பிரித்துப் பார்க்கும் கண்ணை ஆங்கிலேயருக்குக் கொடுத்தது. 1850களில் அவர் பழைய துண்டுகளை வேதியியல் பகுப்பாய்வுக்கு அனுப்பி, முடிவுகளை லண்டன் வைட்ஃபிரையர்ஸில் இருந்த ஜேம்ஸ் பவல் நிறுவனத்தின் உலைக்குக் கொண்டுபோனார். அங்கே பிறந்த கண்ணாடி விக்டோரியக் காலத்துச் சன்னல்களின் முகத்தையே மாற்றியது. வில்லியம் மாரிஸும் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸும் செய்த சன்னல்களின் ஆழமான பச்சையும் மாணிக்கச் சிவப்பும் அந்த உலையிலிருந்து வந்தவை. ஒரு வழக்கறிஞரின் பிடிவாதம் இல்லாவிட்டால் அவை வந்திருக்க மாட்டா. இந்த மறுமலர்ச்சியின் வரவுப் பக்கத்தில் முதல் வரி இது. ரசனையால் மட்டும் எட்டமுடியாத ஒன்றை அளவையால் எட்டினார்கள்.

ஆனால் அளவை எட்டாத இடம் ஒன்றும் உண்டு. அது சிவப்பு.

செம்பைக் கொண்டு வரவழைக்கும் சிவப்பு மிகக் கடுமையானது. சன்னலுக்கு வேண்டிய தடிமனில் முழுக்கச் சிவப்பாகக் கண்ணாடி வார்த்தால் வெளிச்சம் புகாது, கறுப்பாகத்தான் தெரியும். 14ஆம் நூற்றாண்டிலிருந்து இதற்கு எளிய வழி பரவியது: வெள்ளைக் கண்ணாடிமேல் மெல்லிய சிவப்புப் படலம் ஒன்று. ஆனால் 12, 13ஆம் நூற்றாண்டுத் துண்டுகளைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வேறு காட்சி. மயிரிழைபோல் சிவப்பும் நிறமற்றதும் மாறிமாறி, பத்துப் பன்னிரண்டு அல்ல, அதற்கும் மேல் அடுக்குகள். சரியாகக் கலக்காத இரண்டு கண்ணாடிகளை ஊதும்போது இழுத்து நீட்டியதுபோன்ற வரிகள். இதனால்தான் பழைய சிவப்பு ஒரே துண்டுக்குள் ரத்தமாகவும் ரோஜாவாகவும் தீக்கங்காகவும் தெரிகிறது. பகுப்பாய்வு இதில் செம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். எத்தனை முறை கிளறினார்கள், எப்போது நிறுத்தினார்கள், எந்தச் சூட்டில் ஊதினார்கள் என்று சொல்லாது. பொருள்பட்டியலில் கைவாகு இருக்காது.

இந்தக் கைவாகைத் துரத்தியவர்களில் என்னை வியக்கவைப்பவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ப்ரின் அத்தின் என்ற சிற்றூரில் இருந்தவர்கள். ரேமண்ட் பிட்கேர்ன் என்ற செல்வந்தர் தம் சமயத்தாருக்காகப் பேராலயம் ஒன்றைக் கட்டினார். 1919இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. சந்தையில் கிடைத்த கண்ணாடி எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. சொந்தமாக உலை போட்டார். ஊதுகிறவர்களை அமர்த்தினார். லாரன்ஸ் செயிண்ட் என்ற கலைஞர் அங்கே பத்தாண்டுக்கு மேல் உழைத்தார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் பழைய சன்னல்களின் முன் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் படியெடுத்துப் பழகிய கை அது. பிறகு வாஷிங்டன் தேசியப் பேராலயத்துக்குப் போய் அதன் வடக்கு ரோஜாச் சன்னலைச் செய்தவரும் அவரே. அவர்களைப் படாத பாடு படுத்தியது அடுக்குச் சிவப்புதான். ஊதிப் பார்த்து, உடைத்து, மறுபடி ஊதி, பழைய துண்டோடு வெளிச்சத்தில் ஒப்பிட்டு, குறித்துவைத்துக்கொண்டு, மறுபடி ஊதினார்கள். அறிவியல் கூடத்துக்கும் பட்டறைக்கும் நடுவில் நின்று செய்த இந்த வேலையை நான் இந்தக் கலை மீட்பின் உச்சம் என்பேன்.

அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குப் பழைய துண்டு எங்கிருந்து வந்தது? பிட்கேர்ன் விலைகொடுத்து வாங்கினார். பாரிசுக்கு அருகில் செயிண்ட் டெனிஸ் மடாலயத்தில் 1140களில் மடாதிபதி சுஜே வைத்த சன்னல்களின் பகுதிகளும் அந்தத் திரட்டில் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கழற்றப்பட்டு, 19ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்புகளின்போது நழுவி, வியாபாரிகள் கைக்குப் போனவை அவை. பழைய கலையைப் படிக்க வேண்டும் என்ற ஆசையே பழைய கலையைப் பிய்த்து விற்கும் சந்தைக்குத் தீனி போட்டது. வின்செஸ்டரில் நடந்ததும் இதன் சின்ன வடிவம்தான். பிட்கேர்ன் வாங்காவிட்டால் அந்தத் துண்டுகள் இன்னும் சிதறியிருக்கும் என்று வாதாடலாம். அவர் சேர்த்தவை அதே ஊரின் கிளென்கேர்ன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருப்பதும் உண்மை. ஆனால் வாங்க ஆளிருக்கிறது என்று தெரிந்தபின்தான் கழற்றுகிற கைக்குத் துணிச்சல் வரும்.

பெரிய பிழை இன்னொன்று: வயோதிகத்தை அழகு என்று எடுத்துக்கொண்டது. இடைக்காலக் கண்ணாடியில் சிலிக்கா ஏறக்குறைய பாதிதான். இன்றைய சன்னல் கண்ணாடியில் 70 சதவீதத்துக்கும் மேல். பொட்டாசியமும் சுண்ணாம்பும் மிகுந்த அந்தப் பழைய கலவையை மழையும் பனியும் அரிக்கும். வெளிப்புறத்தில் குழி விழும், வெள்ளைப் பொருக்கு படியும், பாசியும் புகையும் அதன்மேல் ஏறும். இப்படி அரித்த சன்னல் வெளிச்சத்தைச் சிதறடித்து ஒருவகை மங்கலான ஒளிர்வைத் தரும். 19ஆம் நூற்றாண்டுப் பார்வையாளர்கள் மயங்கியதில் இதற்கும் கணிசமான பங்குண்டு. அதனால் புதுச் சன்னலுக்கும் மையைத் தூவி, ஒற்றி, அழுக்குப் படியவைத்தார்கள். பட்டறையிலிருந்து வெளிவரும்போதே ஐந்நூறு வயது. சார்த்ரில் 1970களில் மேற்கு முகப்புச் சன்னல்களைச் சுத்தம்செய்தபோது, நீலம் போய்விட்டது, மாயம் போய்விட்டது என்று ஓவியர்கள் உட்படப் பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை; சுத்தம் செய்கிற கை பல தேவாலயங்களில் எல்லை மீறியிருக்கிறது. கண்ணாடியின் வெளிப்புறத்திலும் இடைக்கால ஓவியர்கள் நிழல் தீட்டுவதுண்டு. அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துப் போக்கியவர்கள் உண்டு. ஒரு பக்கம் அழுக்கை ஓவியம் என்று கும்பிட்டார்கள், இன்னொரு பக்கம் ஓவியத்தை அழுக்கு என்று தேய்த்தார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று: கலைஞர் செய்ததையும் காலம் செய்ததையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சி அன்று போதவில்லை.

(பழைய சன்னலின் அடிப்பாகம் தடிப்பாக இருப்பது கண்ணாடி மெல்ல மெல்ல வழிந்ததால்தான் என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள் நம்மில் பலர். அது கட்டுக்கதை. ஊதிய கண்ணாடி பிறக்கும்போதே சமமில்லாதது. ஒரு தேவாலயத்தின் வயதுக்குள் சாதாரண வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவு வழியாது.)

மையின் கதை இன்னும் வேதனையானது. 1870களில் இங்கிலாந்தின் பல பட்டறைகள், குறைந்த சூட்டில் மை உருக வேண்டும் என்று அதில் போராக்ஸ் சேர்த்தன. போராக்ஸ் ஈரத்தில் கரைவது. சன்னலின் உட்புறத்தில் பனிநீர் வழிய வழிய, சில பத்தாண்டுகளிலேயே தேவதைகளின் கண்ணும் வாயும் கழுவிக்கொண்டு போயின. இன்றும் விக்டோரியக் காலத் தேவாலயங்களில் முகமில்லாத புனிதர்கள் நிற்பதைப் பார்க்கலாம். கிளாஸ்கோ பேராலயத்தில் 1860களை ஒட்டி வைத்த மியூனிக் சன்னல்களும் நிலைக்கவில்லை. வண்ணம் கெட்டதால் 20ஆம் நூற்றாண்டில் கழற்றினார்கள். ஆனால் இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டின் ஆதாம், முகமும் நரம்பும் தெரிய இன்னமும் மண் கொத்திக்கொண்டிருக்கிறார்.

இந்த ஒப்பீட்டைச் சொல்லிவிட்டு, பழையவர்களே உயர்ந்தவர்கள் என்று முடித்துவிடுவது வழக்கம். அது அவசர முடிவு. நமக்குக் கிடைத்திருப்பது இடைக்காலக் கண்ணாடியின் மிச்சம். சரியாகச் சுடாத மை, சரியாகக் கலக்காத கண்ணாடி எல்லாம் எப்போதோ உதிர்ந்து, குப்பைக்கோ உலைக்கோ போய்விட்டன. தேர்ந்தவை மட்டும் நின்றன என்றும் சொல்ல முடியாது. 1640களில் ரிச்சர்ட் கல்மர் என்ற பியூரிட்டன் போதகர் கேன்டர்பரிச் சன்னல்களை நீண்ட ஈட்டியால் குத்தி உடைத்தபோது தரம் பார்த்து உடைக்கவில்லை. எஞ்சிய சிறந்ததை எடுத்துக்கொண்டு, நேற்றைய சராசரியோடு ஒப்பிடும் பழக்கம் இந்தத் துறையில் இன்னும் போகவில்லை.

வேலை நடந்த விதத்தைப் பற்றிய கற்பனை இதைவிட வலுவானது. இங்கிலாந்தின் கலை-கைவினை இயக்கத்தார், குறிப்பாகக் கிறிஸ்டஃபர் வால், வடிவமைப்பவரே கண்ணாடியைத் தெரிவு செய்து, வெட்டி, தீட்டி, ஈயம் கட்டுவதையும் கண்காணிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். 1905இல் வந்த வாலின் கையேடு இன்றும் பட்டறைகளில் புரட்டப்படுகிறது. கைப்பழக்கத்தைச் சொற்களில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன புத்தகங்கள் குறைவு. அந்த வற்புறுத்தலால் நல்ல சன்னல்கள் பிறந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை இடைக்காலத்தின் பெயரில் நியாயப்படுத்தியது பொருந்தாது. வெஸ்ட்மின்ஸ்டர் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் 1351-52ஆம் ஆண்டுக் கணக்கேட்டைப் பாருங்கள். பலகையில் படம் வரைந்த தலைமைக் கண்ணாடிக்காரர்களுக்கு நாளுக்கு 12 பென்னி. கண்ணாடியில் தீட்டியவர்களுக்கு 7. வெட்டிப் பொருத்தியவர்களுக்கு 6. மை அரைத்த கையாட்களுக்கு அதற்கும் கீழ். வரைபலகையைக் கழுவ ஏல் மது வாங்கிய செலவுகூட எழுதியிருக்கிறது. ஒரு பலகையைக் கழுவித் துடைத்து அடுத்த படத்துக்குத் தயார்செய்யும் வேகத்தில் நடந்த வேலை அது. தெயோபிலஸ் சொன்ன அந்தச் சுண்ணாம்புப் பலகைகளில் இரண்டு, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, ஸ்பெயினின் ஜிரோனாவில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. வெட்டுக்கோடுகளும் எந்தத் துண்டு எந்த நிறம் என்ற அடையாளக் குறிகளும் அவற்றில் தெரிகின்றன. வரைந்தவர் ஒருவர், வெட்டியவர் வேறொருவர் என்பதற்கு அந்தக் குறிகளே சாட்சி. யார்க் பேராலயத்தின் பெரிய கிழக்குச் சன்னலுக்காக 1405இல் கவென்ட்ரியின் ஜான் தார்ன்டனோடு போட்ட ஒப்பந்தம் அவர் தம் கையால் எதை எதைத் தீட்ட வேண்டும் என்று தனியே சொல்கிறது. எல்லாவற்றையும் அவரே செய்வது வழக்கமாக இருந்திருந்தால் அப்படி எழுதவேண்டிய தேவையே இல்லை. மூன்று ஆண்டு, மொத்தம் 56 பவுண்டு, அதில் 10 பவுண்டு வேலையை முடித்தால் வரும் வெகுமதி. பெயரற்ற பக்தியும் சகோதரத்துவமும் மட்டும் சேர்ந்து எழுப்பியதல்ல அந்தச் சன்னல். கூலி, தவணை, கெடு எல்லாம் அங்கேயும் உண்டு.

இந்த மீட்பின் மிகப் பெரிய முரண் இங்கேதான் இருக்கிறது. இடைக்காலக் கண்ணாடிக்காரர் இடைக்காலப் பித்தர் அல்லர். கிடைத்ததை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்கள் பழைய நீலப் பாத்திரங்களைச் சேகரித்து உருக்கி விலைமதிப்பான நீலத் தகடு செய்கிறார்கள் என்று தெயோபிலஸ் மெச்சிச் சொல்கிறார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டால் வெள்ளைக் கண்ணாடி மஞ்சளாகும் என்று தெரியவந்ததும், தலைமுடியும் ஒளிவட்டமும் ஒரே துண்டில் முடிந்தன. ஈயக்கோடு குறைந்தது, சன்னல்கள் வெளுத்தன, வெளிச்சம் கூடியது. யாரும் பழைய முறைக்காகக் கண்ணீர் விடவில்லை. இப்படி ஓடிக்கொண்டிருந்த ஒன்றை 1200க்கும் 1250க்கும் இடையில் பிடித்து நிறுத்தி, அதுதான் தூய்மை, அதற்குப் பின் வந்ததெல்லாம் சரிவு என்று சொன்னது மறுமலர்ச்சியாளர்களின் கண்டுபிடிப்பு. பாஸ்டன் கண்ணாடிக் கலைஞர் சார்ல்ஸ் கானிக், டிஃபனி பட்டறை பரப்பிய பால்வண்ணக் கண்ணாடி மோகத்துக்கு எதிராகச் சார்த்ரைக் கொடியாகப் பிடித்தார். நல்ல கொடிதான். அவருடைய நீலங்களைப் பார்க்கும்போது குறை சொல்ல மனம் வராது. ஆனால் கொடியைப் பிடித்தபின் கை வேறெதையும் தொட மறுத்த பட்டறைகளும் ஏராளம். அவற்றின் சன்னல்களில் பிழை கண்டுபிடிக்க முடியாது, உயிரையும் கண்டுபிடிக்க முடியாது.

படிப்பு என்ற அளவில் மட்டும் இதைப் பார்த்தால் என் குறைகள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. 1952இல் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து, எஞ்சிய இடைக்காலக் கண்ணாடி முழுவதையும் பட்டியலிடும் 'கார்பஸ் வித்ரியாரம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். எந்தத் துண்டு மூலம், எது பின்னால் செருகியது என்று சன்னல் சன்னலாகக் குறித்தார்கள். அண்மையில் கேன்டர்பரியில் நடந்தது இந்தப் படிப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்குச் சான்று. கிறிஸ்துவின் முன்னோர் வரிசையில் சில உருவங்கள் மற்றவற்றைவிடப் பழையவை என்று கலை வரலாற்றாளர் மேடலின் கேவினெஸ் நடையழகை வைத்து முன்பே சொல்லியிருந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியை, ஈயப் பட்டை இடிக்காமல் கண்ணாடியில் பொருந்த ஒரு துணைப்பகுதி அச்சிட்டு மாட்டி, துண்டுக்கு ஒரு கீறல்கூட விழாமல் அளந்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது: சில உருவங்கள் 1130க்கும் 1160க்கும் இடைப்பட்டவையாக இருக்கக்கூடும். அப்படியானால் 1174இல் பேராலயத்தைச் சூறையாடிய தீக்கும் முந்தியவை. கண்ணால் சொன்னதைக் கருவி ஆமோதித்தது. வின்ஸ்டன் துண்டைப் பொடித்துச் சோதித்த காலத்திலிருந்து இதுவரை வந்த தூரம் பெரிது.

பழுதுபார்ப்பிலும் அடக்கம் வந்திருக்கிறது. யார்க்கின் அந்தக் கிழக்குச் சன்னலையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பேராலயத்தின் டீனாக இருந்த மில்னர்-வைட் அதை அக்கறையோடு திருத்தினார். ஆனால் உடைந்த ஒவ்வொரு துண்டையும் ஈயப் பட்டையால் ஒட்டவைத்த பல தலைமுறை வேலைகளின் மிச்சம் முகங்களைச் சிலந்திவலைபோல மூடியே இருந்தது. 2008இல் தொடங்கி 311 பலகங்களையும் கழற்றிய யார்க் கிளேசியர்ஸ் டிரஸ்ட், பத்தாண்டு உழைத்து 2018இல் மீண்டும் வைத்தது. தேவையற்ற பட்டைகளை நீக்கி விரிசலைப் பசையால் விளிம்போடு விளிம்பாக ஒட்டினார்கள். அறவே போன இடங்களில் மட்டும் புதிதாகத் தீட்டிச் சேர்த்தார்கள். வெளிப்புறத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் இன்னொரு கண்ணாடி அரண் நிற்கிறது. இனி மழை தார்ன்டன் கண்ணாடியைத் தொடாது. கீழே நின்று பார்க்கிறவருக்கு உலக முடிவின் காட்சிகள் படிக்கக் கிடைக்கின்றன. முகத்துக்குள் மூன்று அடர்த்தியில் மை பூசத் தெரிந்த கை ஒன்று இன்று இல்லாவிட்டால் இந்த வேலை நடந்திருக்காது. மறுமலர்ச்சி நமக்கு விட்டுச்சென்ற உண்மையான சொத்து, அது செய்த சன்னல்களைவிட, அது பழக்கிய கைகள்.

அந்தச் சன்னல்களும் சொத்தாகிவிட்டன என்பது வேடிக்கை. பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில் கட்டடக் கலைஞர் வியொலெ-லெ-டூக் 19ஆம் நூற்றாண்டில் வைத்த, 2019 தீயிலும் தப்பிய ஆறு சன்னல்களை எடுத்துவிட்டு, ஓவியர் கிளேர் தாபுரே வடிவமைத்த புதியவற்றை வைப்பது என்று அரசு முடிவெடுத்தது. நாட்டின் மரபுரிமை ஆணையம் 2024இல் ஒருமனதாக எதிர்த்தது. இடைக்காலத்தை மீட்கிறோம் என்று தன் கால முத்திரையைப் பேராலயமெங்கும் குத்தியதற்காக வியொலெ-லெ-டூக்கை நூறு ஆண்டுகளாகத் திட்டியவர்களின் வாரிசுகள், இன்று அவருக்காகக் கையெழுத்து வாங்குகிறார்கள். என் கட்சி இங்கே எதிர்ப்பவர்கள் பக்கம். நன்றாக நிற்கிற சன்னலைக் கழற்றுவதற்கு நம் காலத்தின் ஆசை போதுமான காரணமல்ல. சென்னை சாந்தோம் பேராலயம் போன்ற நவ கோதிக் கோயில்களில் வண்ணச் சன்னலைப் பார்த்துப் பழகிய நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு: நகல்பாணி என்று ஒதுக்கிய 19ஆம் நூற்றாண்டும் இப்போது பாதுகாக்கவேண்டிய பழமை.

ஆனால் பழையதைக் கழற்றாமலேயே புதியதைச் செய்ய இடமிருக்கிறது. 2007இல் கொலோன் பேராலயத்தின் தெற்குக் குறுக்குக் கூடத்துச் சன்னலுக்கு ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 72 நிறங்களில் 11,263 சதுரங்களை அடுக்கினார். போரில் இழந்துபோன சன்னலின் இடம் அது. புனிதர் இல்லை, கதை இல்லை. எல்லாம் வாயால் ஊதிய கண்ணாடி. கார்டினல் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை என்பது அப்போது பெரிய செய்தி. எனக்குத் தெயோபிலஸ் வழியில் நிற்பது அதுதான் என்று படுகிறது: நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, வெளிச்சம் வேலை செய்கிறது, படம் தன் காலத்துக்குரியது.

புதுச் சன்னல் வேண்டும் என்று வற்புறுத்த வேறு காரணமும் இருக்கிறது. சன்னல் கண்ணாடியை வாயால் ஊதிச் செய்யும் தொழில் பிரிட்டனில் அழிந்துவிட்டது என்று 2023இல் அந்நாட்டின் கைவினை அமைப்பு, அழியும் கைத்தொழில்களைக் குறிக்கும் தன் செம்பட்டியலில் பதிந்தது. வின்ஸ்டனின் நாட்டில் இன்று அந்தக் கண்ணாடியை வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ஜெர்மனியில் வால்ட்சாஸன் ஊரின் லாம்பெர்ட்ஸ், பிரான்சில் 1826இல் தொடங்கிய செயிண்ட் ஜுஸ்ட் என்று ஒரு சில உலைகள்தான் மீதம். அதே 2023இல் யுனெஸ்கோ, கையால் கண்ணாடி செய்யும் அறிவை மனிதகுல மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலால் உலை எரியாது. எரிபொருளுக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயத்துக்கான கட்டுப்பாடுகள் வேறு இறுகிவருகின்றன. பழுதுபார்ப்புக்கு ஆண்டுக்குச் சில தகடுகள் வாங்கினால் எந்த உலையும் நிலைக்காது. இடைக்காலக் கண்ணாடியை நேசிக்கும் திருச்சபைகளும் அருங்காட்சியகங்களும் நகலுக்குச் செலவிடும் பணத்தைக் குறைத்து, உயிரோடிருக்கும் ஓவியர்களிடம் புதுச் சன்னல் கேட்க வேண்டும். அதை ஊதிய கண்ணாடியில் செய்துதரச் சொல்ல வேண்டும்.